தேர்ச்சி விழுக்காடா, மாணவரின் வளர்ச்சியா?

கேள்வி:
எங்கள் பள்ளியில் தேர்ச்சி விழுக்காட்டை மட்டுமே பார்த்து அடுத்த ஆண்டுத் திட்டத்தை வகுக்கிறோம். மிகவும் பின்தங்கிய நிலையில் சேர்ந்து நன்கு முன்னேறிய மாணவர், தேர்ச்சிக் கோட்டைத் தாண்டாவிட்டால் அந்தக் கணக்கில் எங்குமே தென்படுவதில்லை. இந்த வளர்ச்சியை நேர்மையாக அளக்க வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. ஆனால் இவ்வாண்டு மதிப்பெண்ணிலிருந்து சென்ற ஆண்டு மதிப்பெண்ணைக் கழிப்பது போதாது. இரு தேர்வுகளும் ஒரே அளவுகோலில் அமையாதபோது, 40 என்பது 55 ஆனதற்குக் காரணம் கற்றலின் உயர்வா, வினாத்தாளின் எளிமையா என்று சொல்ல இயலாது. முன்பு ஒத்த மதிப்பெண் பெற்றிருந்தவர்களோடு ஒப்பிட்டு, ஒருவர் இப்போது அவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை முந்தி நிற்கிறார் என்று ஓர் எண்ணால் காட்டும் வளர்ச்சி நூற்றுமான முறை இதற்கு உதவும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் அந்த எண்ணைக் கொண்டு ஆசிரியர்களைத் தரவரிசைப்படுத்தாதீர்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களிடையே காணும் மதிப்பெண் வேறுபாட்டில் 1 முதல் 14 விழுக்காடு வரையே ஆசிரியரால் விளைவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் எடுத்துரைத்தது. எந்தப் பாடப்பகுதியில், எந்தப் பிரிவு மாணவர் தேங்குகின்றனர் என்று தேடவே அது பயன்படட்டும்.

மறுமொழி 3:
சிறிய வகுப்பில் ஓரிருவரின் மதிப்பெண்ணே சராசரியைப் புரட்டிவிடும் என்பதால், மூன்று ஆண்டுத் தரவையாவது சேர்த்துப் பாருங்கள்.