துப்பாக்கி இல்லாமல் வந்த பிள்ளைகள்: விடுவிப்பில் எங்கே கோட்டை விடுகிறோம்?

ஆயுதக் குழுக்களிடமிருந்து பிள்ளைகளை மீட்கும் வேலையில் எந்த இடத்தில் சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்பதை மட்டும் எழுதுவோம். அடுத்து களத்துக்குப் போகிறவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

முதல் சறுக்கல் ஆயுதம் ஒப்படைக்கும் முகாமின் வாசலிலேயே நடந்துவிடுகிறது. சியரா லியோனில் உள்நாட்டுப் போரின் முடிவில் ஆயுதம் களைந்தபோது, வந்தவர்களிடம் துப்பாக்கியைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொன்னார்கள். சிறாருக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்றுதான் விதி. மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களிடமும் கேட்டார்கள். கஞ்சி காய்ச்சியவள், மூட்டை சுமந்தவள், தளபதிக்கு ‘மனைவி’ ஆக்கப்பட்டவள் எதைக் கழற்றி மாட்டுவாள்? துப்பாக்கி வைத்திருந்த சிறுமிகளிடமிருந்தும் தளபதிகள் அதைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் பதிவான சிறாரில் சிறுமிகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயுதக் குழுக்களில் சிக்கிய சிறாருக்கான சர்வதேச வழிகாட்டியான 2007இன் பாரிஸ் கோட்பாடுகள் இதைத் திருத்தின: 18 வயதுக்குக் கீழ் இருந்தால் போதும், சமையல், சுமை, ஒற்று என்று எந்த வேலை செய்திருந்தாலும் கணக்கில் வரும், ஆயுதத்தோடு வரவேண்டியதில்லை. பதிவுப் படிவத்தில் ‘ஒப்படைத்த ஆயுதம்’ என்ற கட்டம் இருந்தால் சிறார் படிவத்திலிருந்து அதை அடித்துவிடுங்கள். கட்டம் இருந்தால் யாராவது கேட்டே தீருவார்கள்.

—

துப்பாக்கிக்கு அடுத்த வில்லங்கம் ரொக்கம். லைபீரியாவில் ஆயுதக் களைவு 2003 டிசம்பரில் தொடங்கியபோது தலைக்கு 300 டாலர், 150 வீதம் இரண்டு தவணை என்றார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். தலைநகர் மன்ரோவியாவில் கலவரம் வெடித்து எல்லாம் நின்றுபோய், 2004 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கியது. முடிவில் பதிவானவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், வந்த துப்பாக்கிகளோ சுமார் 28,000. சிறாருக்கும் அதே ரொக்கத்தைக் கொடுத்தது பெரிய தவறு. பணம் வாங்கிய பையனைத் தளபதி வெளியே காத்திருந்து பிடித்தான். பிரிக்க நினைத்த கயிற்றை நாமே முறுக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

சியரா லியோனில் இந்த ஒரு விஷயத்தை நன்றாகச் செய்தார்கள். உதவி பையன் கைக்குப் போகாமல் பள்ளிக்குப் போயிற்று: கட்டணம் வாங்காமல் அவனைச் சேர்த்துக்கொண்டால் பள்ளிக்குப் பாடப் பொருட்கள். பலன் வகுப்பில் எல்லாருக்கும் கிடைத்ததால் ‘கொன்றவனுக்குப் பரிசா?’ என்ற முணுமுணுப்பு குறைந்தது. வயது தாண்டியவர்களுக்கு ஆறு வருடத் தொடக்கக் கல்வியை மூன்று வருடத்தில் முடிக்கும் வகுப்புகளும் இருந்தன.

—

வயதைப் பற்றி. பிறப்புச் சான்று இருக்காது, சரி. உடனே மணிக்கட்டு எக்ஸ்ரேக்கு ஓடாதீர்கள். பிழை இரண்டு வருடம் வரை போகும், அதிலும் பசியில் வளர்ந்த எலும்பு பின்தங்கித்தான் நிற்கும். ஊர் நாட்காட்டி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: வெள்ளம் வந்த வருடம், பள்ளி மூடிய வருடம், தம்பி பிறந்த மழைக்காலம். ‘அப்போது நீ நடந்தாயா, உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்களா?’ என்று கேட்டால் பதில் வரும். சந்தேகம் தீராவிட்டால் 18க்குக் கீழ் என்றே எழுதுங்கள்.

பிள்ளைகளைப் பெரியவர்கள் இருக்கும் முகாமில் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இரவில் பழைய அணி அப்படியே கூடிவிடும்.

—

பேட்டி எடுப்பதில் நடக்கும் தவறுகளுக்கு, காங்கோ ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்காவின் வழக்கைப் பார்த்தால் போதும். சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2012 மார்ச்சில் அவரைக் குற்றவாளி என்றது. 15 வயதுக்குக் கீழானவர்களைப் படையில் சேர்த்ததற்கு 14 வருடத் தண்டனை. ஆனால் முன்னாள் சிறார் படையினர் என்று வந்த சாட்சிகளை நீதிபதிகள் நம்பத்தக்கவர்கள் என்று ஏற்கவில்லை. இடைத்தரகர்கள் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்பது காரணங்களில் ஒன்று. பார்த்தாலே சிறுவர் என்று தெரிந்த காணொளிகளும் மற்றவர்களின் சாட்சியமும்தான் வழக்கைத் தாங்கின. ஆகவே பிள்ளையிடம் ஆளுக்கு ஆள் கேட்காதீர்கள்; ஒருவர் கேட்டு எழுதினால் போதும். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைக்காதீர்கள். கதவு அவன் கண்ணில் படும்படி உட்கார வையுங்கள். அறையில் சீருடை கூடாது. ‘எத்தனை பேரைக் கொன்றாய்?’ என்ற கேள்வி எந்தப் படிவத்துக்கும் தேவையில்லை.

—

வார்த்தையிலும் கவனம் வேண்டும். நேபாளத்தில் மாவோயிஸ்ட் படையினரில் 1988 மே 25க்குப் பிறகு பிறந்தவர்களை, அதாவது 2006 போர்நிறுத்தத்தின்போது 18 நிரம்பாதவர்களை, சிறார் என்று ஐ.நா. சரிபார்த்து, 2010இல் முகாம்களிலிருந்து அனுப்பினார்கள். சிறார் 2,973 பேர். போர்நிறுத்தத்துக்குப் பிறகு சேர்ந்தவர்களையும் கூட்டினால் 4,008. அவர்களுக்கு ஒட்டிய பெயர் ‘அயோக்ய’. நேபாளியில் அதற்குத் ‘தகுதியற்றவர்’ என்று பொருள், நம் காதுக்கு இன்னும் மோசம். படிப்பு, தொழிற்பயிற்சி, சிறுதொழில், சுகாதாரப் பயிற்சி என்று நான்கு வழி திறந்திருந்தும், அந்தப் பெயரோடு ஊருக்குள் போகப் பலர் கூசினார்கள்.

—

வீடு சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. வடக்கு உகாண்டாவில் அச்சோலி மக்கள், திரும்பி வந்தவரை முட்டையை மிதிக்கச் செய்து உள்ளே அழைக்கிறார்கள். முட்டையோடு வழுவழுப்பான ஓபோபோ குச்சியும், களஞ்சியம் திறக்கும் லயிபி கோலும் தரையில் கிடக்கும். கோல் இருப்பதால் ‘உனக்கும் இங்கே சோறு உண்டு’ என்று அர்த்தம். பெரியவர்களே செய்வதால், நம் ஆலோசனை அமர்வுகளைவிட அந்த ஐந்து நிமிடத்துக்கு ஊரில் எடை அதிகம்.

கையில் குழந்தையோடு வரும் சிறுமிகளுக்கு அதுவும் போதாது. நிலம் அப்பன் குலத்தின் வழியாக வருகிற இடம் அது. அப்பன் பெயர் சொல்ல முடியாத குழந்தைக்கு வீட்டில் சோறு இருக்கும், நிலத்தில் பங்கு இருக்காது. இது பத்து வருடம் கழித்துத்தான் வெடிக்கும், அப்போது எந்தத் திட்டமும் அங்கே இருக்காது. அதனால் முதல் மாதத்திலேயே குழந்தையின் பிறப்பைப் பதியுங்கள், தாய்மாமன்மாரை உட்காரவைத்து எந்தத் துண்டு நிலம் என்று ஊர்ப் பெரியவர்கள் முன் பேசி முடியுங்கள்.