மியூசியத்துக்கு முகாம் ஆளுங்களோட போன அனுபவம் இருந்தா எழுதுங்க

தஞ்சாவூர்க்காரன்:
மக்களே, நம்ம பக்கத்து முகாம்கள்ல இருக்குற இலங்கைத் தமிழர்களோட யாராவது மியூசியம் போயிருந்தா எழுதுங்க, நல்லதோ கெட்டதோ. மொதல்ல என்னோடது. டெல்டாவுல ஒரு மியூசியம், பேரு வேணாம். டியூஷன் பிள்ளைங்களோட முகாம் பசங்க சில பேரையும் சேத்து வேன்ல போனோம். கவுன்டர்ல நம்மாளுக்கு ஒரு ரேட்டு, வெளிநாட்டுக்காரங்களுக்கு பல மடங்கு. அடையாள அட்டை கேட்டாங்க, ஒரு பையன் அகதி கார்ட நீட்டிட்டான், "அப்ப ஃபாரினர் டிக்கெட்"னுட்டார். திருச்சி பெரியாஸ்பத்திரில பொறந்த பையன் சார் அவன்! சண்ட போட்டு மேலதிகாரிக்கு போன் அடிச்சு கடைசில உள்ள விட்டாங்க, ஆனா அவ்ளோ நேரமும் கூட வந்த பசங்க அவனயே பாத்துட்டு நிக்கிறாங்க. தஞ்சாவூர் அரண்மனைல இருக்குற கலைக்கூடம், அதான் சிலை மியூசியம், தொடங்குன அதே 1951ல தான் ஜெனீவாவுல அகதிகள் ஒப்பந்தமும் போட்டாங்க, இந்தியா இன்னிக்கி வரைக்கும் கையெழுத்து போடல. 2021ல 'அகதிகள் முகாம்'ங்குறத 'மறுவாழ்வு முகாம்'னு பேர மாத்துனாங்க, சரி, கவுன்டர்ல இருக்குறவருக்கு யாராவது சொல்லணும்ல?

கொட்டப்பட்டு பொண்ணு:
அண்ணா, முகாம்ல இருக்குற எங்களுக்கு அந்த கார்ட எடுக்குறதே ஒரு மாதிரி இருக்கும். ஆனா நல்லதும் நடந்திருக்கு. அம்மம்மாவ பெரிய கோயிலுக்கும் கலைக்கூடத்துக்கும் கூட்டிட்டுப் போனேன். கோயில்ல ஒரு கைடு அம்மம்மா பேசுறத கேட்டே எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சிட்டாரு, ஒண்ணும் நோண்டிக் கேக்கல, நேரா கல்வெட்டுக்கிட்ட கூட்டிட்டுப் போயி, ராஜராஜன் ஈழத்து ஊர்கள்லேர்ந்து இந்தக் கோயிலுக்கு நெல்லு வரணும்னு வெட்டி வச்சிருக்கான் பாட்டின்னாரு. "அப்ப எங்கட நெல்லு முதலே வந்திட்டுது, நாங்கள்தான் பிந்தி வந்திருக்கிறம்"னு அம்மம்மா சொல்ல அவரு சிரிச்சிட்டாரு. கலைக்கூடத்துல நடராஜர் முன்னாடி நின்னு, பொலன்னறுவைல கிடைச்சது ஒண்டு கொழும்பு மியூசியத்தில இருக்கு, சின்னப்பிள்ளைல பாத்தனான்னு ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல, பக்கத்துல நின்ன காலேஜ் பசங்க எல்லாம் கேட்டுட்டு நிக்கிறாங்க. அவங்க இவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல.

மன்னார்குடி, இப்ப பெர்லின்:
இதத்தான் இங்க வேலையாவே செய்றாங்க. முல்தகான்னு ஒரு திட்டம், 2015 டிசம்பர்ல ஆரம்பிச்சது, சிரியா, ஈராக்லேர்ந்து அகதியா வந்தவங்களுக்கே ட்ரெயினிங் குடுத்து மியூசியம் கைடா ஆக்கிட்டாங்க, அரபில ஃப்ரீயா சுத்திக் காட்டுவாங்க. இங்க பெர்கமோன் மியூசியம் 2023ல ரிப்பேர் வேலைக்காக மூடுறதுக்கு முன்னாடி போயிருக்கேன், அங்க சிரியாவோட அலெப்போ நகரத்து வியாபாரி வீட்டு அறை ஒண்ணு, மரப்பலகை முழுக்க ஓவியம், அப்படியே இருக்கும். அந்த ஊர்க்காரங்களே வந்து அத விளக்குனா எப்டி இருக்கும்னு யோசிங்க. நம்ம ஊர்ல பாட்டி மாதிரி ஆளுங்களுக்கு சம்பளம் போட்டு உக்கார வைக்கலாம், யாரு செய்வா.

கும்பகோணம் டீச்சர்:
ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒரு காலேஜ் கண்காட்சிக்காக முகாம் பெரியவங்ககிட்ட "படகுல வந்த கதைய சொல்லுங்க"னு மைக்க நீட்டுனாங்க. ஒரு தாத்தா, "க்யூ பிராஞ்சுக்கு சொன்னதே போதும் தம்பி"ன்னுட்டு (முகாம்கள கண்காணிக்கிற உளவுப் போலீஸ் அது) எழுந்து போயிட்டாரு. அப்புறம் வேற ஒருத்தர் வலை பின்னுறத பத்தி கேட்டாரு பாருங்க, அதே தாத்தா உக்காந்து கயித்த வாங்கி முடிச்சு போட்டே காட்டுனாரு, நாகப்பட்டினத்துலேர்ந்து வந்திருந்த மீனவர் ஒருத்தர் எங்க முடிச்சு வேறன்னு கிளப்பி விட்டு ரெண்டு பேருக்கும் செம வாக்குவாதம். கண்காட்சில கூட்டம் நின்னது அங்க மட்டுந்தான்.

தஞ்சாவூர்க்காரன்:
டீச்சர் சூப்பர். அடுத்த மாசம் பெரியவங்கள கூட்டிட்டுப் போக பிளான், கவுன்டர்ல முன்கூட்டியே லெட்டர் குடுத்துப் பேசிடுவேன். எந்த நாள் சரியா வரும்?

கொட்டப்பட்டு பொண்ணு:
முகாம்ல அரசு உதவிப்பணம் குடுக்குற நாளும், ஆளுங்க இருக்காங்களான்னு செக்கிங் வர்ற நாளும் வேணாம்ணா, ஒருத்தரும் வர மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வைங்க, இருட்டுறதுக்குள்ள திரும்பிடணும். அம்மம்மா இப்பவே பேர் குடுத்துட்டாங்க, வேன்ல முன்சீட்டு வேணுமாம்.