காலில் 30 சதவீதம், பிழைப்பில் எவ்வளவு? பைக் விபத்து வழக்குகளில் கண்டவை

திருச்சியிலிருந்து, அடிபட்டவரின் அக்கா:

என் தம்பிக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்தான் அந்த வேலை நடக்கும். மணப்பாறை ரோட்டில் எதிரே வந்த கார் சட்டென்று திரும்பியதில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்தார்கள், எலும்பு கூடியது, இப்போது நடக்கிறான். ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்காது.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவனை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பியது. 30 சதவீத ஊனம் என்று சான்று வந்தது. அதற்கு அப்புறம்தான் உண்மையான வாதமே தொடங்கியது. "ஆள்தான் நடக்கிறாரே, சதவீதத்துக்கு 5,000 ரூபாய் போட்டால் போதும்" என்றது இன்சூரன்ஸ் தரப்பு. அப்படிப் போட்டால் ஒன்றரை லட்சம்.

எங்களுக்கு ஆஜரான வக்கீல் அம்மா, உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் சொன்னதை எடுத்து வைத்தார். உடம்பில் எவ்வளவு போனது என்பது ஒன்று, அதனால் இந்த மனிதரின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது இன்னொன்று. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது இரண்டாவதை. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பே போய்விடும், அரசு அலுவலகக் குமாஸ்தா என்றால் வேலையில் தொடர முடியலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே உதாரணம் இருக்கிறது.

தம்பிக்கு அப்போது வயது 34. 31 முதல் 35 வரை உள்ளவர்களுக்கு, வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 16. இது 2009-ல் வந்த சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை. மாத வருமானம் 12,000, வருமான இழப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு மாதத்தால் பெருக்கி, 16-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் 6,91,200 ரூபாய். அதே கால், அதே சான்று, ஒன்றரை லட்சம் எங்கே, இது எங்கே! ஆஸ்பத்திரிச் செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல் தனித்தனியாக வந்தன.

கணக்கை மாற்றியது இரண்டு சாட்சிகள். தம்பியை வேலைக்கு அழைத்துப்போகும் மேஸ்திரி கோர்ட்டுக்கு வந்து, இந்த வேலையை எப்படி உட்கார்ந்து செய்வார்கள் என்று சொன்னார். ஆபரேஷன் செய்த டாக்டர், இவரால் இனி குத்துக்காலிட முடியாது என்று சாட்சிக் கூண்டில் சொன்னார். சம்பளச் சீட்டு எதுவும் எங்களிடம் இல்லை. கால் துண்டிக்கப்பட்ட ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் (சையத் சாதிக், 2014), ரசீது இல்லாவிட்டாலும் மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொண்டிருக்கிறது. தினக்கூலிக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு, பிற்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கும் வழி இருக்கிறது. எங்கள் தீர்ப்பில் அதைச் சேர்க்கவில்லை. 90 நாள் கெடு முடிவதற்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டிருக்கிறோம்.

விழுப்புரம் பக்கம், கேஷுவாலிட்டியில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ்:

அக்கா கோர்ட்டில் நடந்ததைச் சொன்னார். அதற்கும் முன்னால், ஆஸ்பத்திரி வாசலிலேயே பல வழக்குகள் சாய்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஏ.ஆர். காப்பி என்பார்களே, விபத்துப் பதிவேடு, அதில் டாக்டர் எழுதும் முதல் வரி "எப்படி அடிபட்டது" என்பது. தூக்கி வருகிறவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்பார். அப்படியே பதிவாகிவிடும். பிறகு எஃப்.ஐ.ஆரில் லாரி மோதியது என்று இருந்தாலும், தானாக விழுந்ததாகத்தான் முதல் பதிவு சொல்கிறது என்று இன்சூரன்ஸ் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். கூட வருகிறவர்கள் எந்த வண்டி, எங்கே, எப்படி மோதியது என்று தெளிவாகச் சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயாளியின் தொழில் என்ன என்று இருந்தால் இன்னும் நல்லது.

வார்டுக்குள் வரும் புரோக்கர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மயக்கம் தெளியாதவரின் மனைவியிடம் வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கிப் போவதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேரம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதும் தடைதான். நிரப்பாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மதுரை, கல்லூரி மாணவரின் அப்பா:

என் மகன் பின்னால் உட்கார்ந்து போனவன். ஒரு வண்டியில் மூன்று பேர். பஸ் மோதிவிட்டது. மூன்று பேர் போனதால் பாதித் தப்பு உங்களுடையது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. மூன்று பேர் போனது சட்டப்படி குற்றம்தான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மோதியதற்கு அதுவே காரணம் என்று காட்டாமல் இழப்பீட்டைக் குறைக்க முடியாது. 2020-ல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அதனால் தொகை குறையவில்லை.

இன்னொன்றும் அந்த வழக்கில்தான் தெரிந்தது. மோதியது பஸ் என்பதால் பஸ்ஸின் இன்சூரன்ஸ் இருந்தது. அதே மகன் நண்பனின் வண்டி சறுக்கி விழுந்திருந்தால்? நண்பன் எடுத்திருந்தது சட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச மூன்றாம் நபர் பாலிசி மட்டும். பின்னால் உட்கார்ந்தவருக்கு அதில் பாதுகாப்பு கிடையாது என்று 2006-லேயே தீர்ப்பு இருக்கிறது. புதுப்பிக்கும்போது பின்னிருக்கைக்காரருக்கும் பாதுகாப்பு உண்டா என்று கேட்டு எடுங்கள்.

உளுந்தூர்பேட்டை அருகே, ஒரு மெக்கானிக்:

என்னை இடித்த வண்டி நிற்கவே இல்லை. நம்பரும் தெரியாது. வழக்குப் போட எதிராளியே இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதற்கும் ஒரு திட்டம் இருக்கிறது. 1.4.2022 முதல், இடித்துவிட்டு ஓடிய வழக்குகளில் பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வருவாய்த்துறையில் மனுக் கொடுக்க வேண்டும். எனக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். என் செலவுக்கு இது காணாது. ஆனால் மாதக்கணக்கில் ஸ்பேனர் பிடிக்காத வீட்டில் அது பெரிய தொகை.

திருச்சி அக்கா, மறுபடியும்:

தீர்ப்பாயத்தில் எவ்வளவு நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 1.4.2022 முதல் சட்டத்தில் ஆறு மாதம் என்று இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம், ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். சிகிச்சை முடியாவிட்டாலும் போடலாம், பில்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டால், கையெழுத்துப் போடும் முன் தொகை எப்படி வந்தது என்று கேளுங்கள். சதவீதத்துக்கு இத்தனை என்று போட்டிருக்கிறார்களா, வயது, வருமானம், தொழில் பார்த்துப் பெருக்கியிருக்கிறார்களா? அங்கே முடித்ததற்கு அப்பீல் கிடையாது.