கதவு ரப்பரில் சிலிக்கன் பூசினால் கசிவு நிற்குமா?

ஹட்டன்_கைவேலை:
வொஷிங் மெஷின் கசிந்தால் ஒருவரையும் கூப்பிட வேண்டாம், கதவு ரப்பரில் கிழிந்த இடத்தைத் துடைத்துச் சிலிக்கன் பூசினால் வேலை முடிந்தது என்று பண்டாரவளைக்காரர் நேற்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை. குளியலறை டைல்ஸுக்குப் பூசும் சிலிக்கன் அதில் சரியாகப் பிடிக்காது. காய்ந்ததும் ஒட்டின மாதிரிதான் தெரியும். டிரம் சுற்றும்போது ரப்பர் இழுபட்டுச் சுருங்கும், அப்போது அப்படியே உரிந்து வரும். உரிந்த துண்டு வடிகால் பம்பில் போய்ச் சிக்கும்.

வீட்டிலேயே செய்யுங்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் புது ரப்பர் போடுங்கள். பிளக்கைக் கழற்றி, பைப்பை மூடி, முன்பக்கத்தில் சின்ன ஸ்பிரிங்கோடு இருக்கும் கம்பி வளையத்தை எடுக்க வேண்டும். புது ரப்பரின் மேலே உள்ள அடையாளம் தொட்டியின் அடையாளத்தோடு சேர வேண்டும், நீர் வடியும் துளைகள் அடிப்பக்கம் வர வேண்டும். விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். கடைக்குப் போகுமுன் மொடல் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

பண்டாரவளை_வாசி:
என் வீட்டில் பூசினேன், ஒட்டியது, கசியவில்லை. ஒட்டாது என்று சொல்ல நீங்கள் யார்? புது ரப்பர் போடு என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் அது இல்லை. கொழும்பிலிருந்து வரும்வரை ஸ்வெட்டரையும் போர்வையையும் யார் கையால் துவைப்பது? நீங்கள் வந்து துவைத்துத் தருவீர்களா?

தலவாக்கலை_அக்கா:
தம்பிமாரே, எந்த மெஷினைப் பற்றிப் பேசுகிறீர்கள்? முன்பக்கக் கதவா, மேல் மூடியா? மேல் மூடி வைத்ததில் இந்த ரப்பரே கிடையாதே.

ஹட்டன்_கைவேலை:
ஒட்டியது ஒட்டியது என்றால் போதாது. கிழிந்தது மேலேயா, அடியிலா? தண்ணீர் தேங்குவது அடியில்தான். மேலே கிழிந்திருந்தால் நீங்கள் ஒன்றும் பூசாமலே பெரிதாகக் கசிந்திருக்காது. அதைச் சிலிக்கனின் வெற்றி என்று ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள்.

நானுஓயா_பைப்பாஸ்:
ரப்பரைத் தொடுமுன் பின்பக்கத்தைப் பாருங்கள். தேயிலைத் தோட்டப்பக்கம் தண்ணீர் மலைமேல் தாங்கியிலிருந்து நேரே இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தாங்கி 60 மீட்டர் மேலே இருந்தால் 6 பார். முதலில் போவது குழாய் மூட்டில் இருக்கும் வாஷர்தான். சின்னச் சாமான், கழற்றி மாற்ற அதிக நேரம் பிடிக்காது.

பண்டாரவளை_வாசி:
பார்த்தீர்களா? வேலை தெரிந்தவரே ரப்பர் பிரச்சினை இல்லை என்கிறார்.

நானுஓயா_பைப்பாஸ்:
நான் அப்படிச் சொல்லவில்லை அண்ணே. சிலிக்கனுக்கு என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

ஹட்டன்_கைவேலை:
பண்டாரவளைக்காரர் எப்போதும் இப்படித்தான். கீசர் பேச்சு வந்தபோது ஆர்த் வயர் இல்லாமலும் ஓடும் என்று எழுதியவர் இவர்தான். 230 வோல்ட் கரண்டும் தண்ணீரும் சேரும் இடத்தில் பேசும் பேச்சா அது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது, அங்கே நுரை வருவது கஷ்டம். இங்கே பவுடரைக் கொஞ்சம் கூடப் போட்டாலே நுரை பொங்கி, பவுடர் போடும் தட்டு வழியாக வழியும். அதிலும் கையால் துவைக்கும் பவுடரைப் போட்டால் கேட்கவே வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு ரப்பர் கிழிந்தது என்று சிலிக்கன் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பவுடரைக் குறைத்ததும் கசிவு நிற்கும், புகழ் சிலிக்கனுக்குப் போகும்.

பண்டாரவளை_வாசி:
கீசரை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? ஓடும் என்றுதான் சொன்னேன், ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை. என் ரப்பர் கிழிந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நுரையும் இல்லை, ஒன்றும் இல்லை. சிலிக்கன் ஒட்டியது.

நுவரெலியா_பனி:
ஹட்டன்காரர் குளிரையே கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் ஊர் 1,868 மீட்டரில் இருக்கிறது. ஈரம் காயாமல் ரப்பர் மடிப்பில் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும். துவைத்து முடிந்ததும் மடிப்பைத் துடைத்துக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் இருந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஹட்டன்_கைவேலை:
ஹட்டனில் வெயிலா? ஜூலை மாதம் வந்து பாருங்கள், மழையில் கொடியில் போட்ட துணி காய்வதே இல்லை. குளிர் என்ன நுவரெலியாவுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா?

தலவாக்கலை_அக்கா:
என் மெஷின் மேல் மூடி. நடு அடியிலிருந்து சொட்டுகிறது. யாராவது பதில் சொல்வீர்களா?

ஹட்டன்_கைவேலை:
பண்டாரவளைக்காரர் இன்னும் பதில் தரவில்லை. மேலேயா, அடியிலா?

பண்டாரவளை_வாசி:
உங்களுக்குப் பதில் சொல்ல நான் உங்களிடம் சம்பளம் வாங்கவில்லை. ஒட்டியது.

ஹட்டன்_கைவேலை:
அப்படியென்றால் மேலேதான்.