மெட்ரோ வேலை: சுவர் விரிசலுக்கும் கடை நட்டத்துக்கும் யாரிடம் கேட்பது?

எல்லோருக்கும் வணக்கம். மயிலாப்பூர் லஸ் பக்கம் அப்பா ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார், மாடியில் வீடு. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் பாதையும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி பாதையும் திருமயிலை நிலையத்தில் சந்திப்பதால் இங்கே வேலை பெரிது, நாள் கணக்கில் முடிகிற விஷயமில்லை. மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வரட்டும். ஆனால் கடை வாசலை ஒட்டித் தடுப்புத் தகரம், வண்டி நிறுத்த இடமில்லை, ஸ்கூல் திறக்கும் சீசனிலேயே நோட்டுக் கட்டுகள் பிரிக்காமல் கிடந்தன.

அதைவிடப் பயம் சுவர்தான். படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வருகிறோம், விரிசல் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. சைட்டில் கேட்டால் "பழைய கட்டடம் சார்" என்கிறார்கள்.

சுரங்க வேலைக்கு முன்னால் அக்கம்பக்கக் கட்டடங்களைப் படமெடுத்துப் பதிவு செய்வது வழக்கம். அந்த அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? மனுவில் என்ன வாசகம் போட்டீர்கள்? அப்புறம், நிலம் எடுத்தால் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி இழப்பீடு உண்டு, எங்களைப் போல நிலம் போகாமல் வியாபாரம் மட்டும் படுத்தவர்கள் யாராவது எதையாவது பெற்றிருக்கிறீர்களா? விரிசலை நேரில் பார்த்து எழுத்தில் கருத்துத் தரக்கூடிய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ஃபீஸ் கொடுத்துவிடுகிறோம். மழைக்கு முன் பார்த்தாக வேண்டும்.