கலைச்சொல்: வெப்பநிலை அளவுகோல் பெயர்ப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

செல்சியசில் உள்ள ஓர் அளவை ஃபாரன்ஹைட்டிலோ கெல்வினிலோ எழுதும் செயலுக்கு வெப்பநிலை மாற்றம், வெப்பநிலை உருமாற்றம், அலகு மாற்றம் என்று மூன்று சொற்கள் நம் செயலிக்காக முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றிலுமே எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் சொல்லைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். தண்டவாளம் நீள்வதற்குக் காரணம் வெப்பநிலை மாற்றம் என்று எழுதுகிறோம். அங்கே ஏதோ ஒன்று உண்மையிலேயே சூடேறுகிறது. 25 பாகை (டிகிரி) செல்சியசை 77 பாகை ஃபாரன்ஹைட் என்று எழுதும்போது எதுவும் சூடேறவில்லை, எதுவும் குளிரவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் மாணவர்கள் குழம்பத்தான் செய்வார்கள். உருமாற்றத்துக்கும் இதே தடைதான்.

அலகு மாற்றம் நல்ல சொல், ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. மீட்டரை அடியாக்க ஒரு பெருக்கல் போதும், ஏனென்றால் இரண்டும் ஒரே சுழியில் (பூச்சியத்தில்) தொடங்குகின்றன. செல்சியசிலும் ஃபாரன்ஹைட்டிலும் சுழியை எங்கே வைப்பது என்பதே மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. 1742-இல் செல்சியஸ் தம் அளவுகோலை வகுத்தபோது நீர் கொதிப்பதை 0 என்றும் உறைவதை 100 என்றும்தான் வைத்தார். பின்னர்தான் அது தலைகீழாக்கப்பட்டது. ஃபாரன்ஹைட்டில் நீர் உறைவது 32, கொதிப்பது 212. செல்சியசில் 100 பாகையாக உள்ள அந்த இடைவெளி இங்கே 180 பாகை. அதனால்தான் 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டுகிறோம்.

செல்சியசிலிருந்து கெல்வினுக்குப் போனால் அலகின் பருமன் மாறுவதில்லை, சுழி மட்டும் 273.15 கீழே இறங்குகிறது. கெல்வினிலிருந்து ராங்கினுக்கு (கெல்வினின் சுழியும் ஃபாரன்ஹைட்டின் பாகைப் பருமனும் கொண்ட அளவுகோல்) போனால் சுழி அப்படியே இருக்கிறது, பருமன் மட்டும் மாறுகிறது. ஆக அலகு மாற்றம், சுழி நகர்வு என்ற இரண்டு வேலைகள் இதில் கலந்திருக்கின்றன.

இவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பெரிய பிழை வரும். புவியின் சராசரி வெப்பநிலை 2 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது 3.6 பாகை ஃபாரன்ஹைட் உயர்வு. அந்த 2-ஐ அப்படியே அளவுகோல் மாற்றும் கருவியில் இட்டால் 35.6 என்று வரும். உயர்வுக்குச் சுழி நகர்வு கிடையாது, அலகு மாற்றம் மட்டும்தான்.

எனவே என் முன்மொழிவு "அளவுகோல் பெயர்ப்பு". மொழிபெயர்ப்பில் செய்தி அப்படியே இருக்க, சொல்லும் மொழி மட்டும் வேறாவது போல, இங்கே வெப்பநிலை அப்படியே இருக்கிறது, சொல்லும் அளவுகோல் மட்டும் வேறாகிறது. இயற்பியலில் இடப்பெயர்ச்சி இருக்கிறதே, குழப்பாதா என்று கேட்கலாம். பெயர்ச்சி தானாக நகர்வது, பெயர்ப்பு நாம் நகர்த்துவது. இந்தத் தன்வினை, பிறவினை வேறுபாடே நமக்குக் காவல்.

செயலியின் பொத்தானில் மட்டும் கவனம் வேண்டும். வெறுமனே "பெயர்" என்று போட்டால் பயனர் தன் பெயரைக் கேட்கிறார்கள் என்று நினைப்பார். சேமிக்க, திறக்க என்ற வரிசையில் "பெயர்க்க" என்று வைக்கலாம்.

அப்புறம் இன்னொன்று. விடையைக் காட்டும் வரியில் எண்ணுக்குப் பின்னால் "பாகை" என்று நிலையாக எழுதிவிடக் கூடாது. 1967-68-இல் நடந்த எடைகள் அளவைகள் பொது மாநாடு கெல்வினிலிருந்து பாகையை நீக்கிவிட்டது. 300 கெல்வின் என்பதே சரி. செல்சியசுக்கும் ஃபாரன்ஹைட்டுக்கும் பாகை தொடரட்டும்.

வெப்பநிலை உயர்வையும் வேறுபாட்டையும் கணக்கிடத் தனிப் பொத்தான் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு "வேறுபாட்டு அலகு மாற்றம்" என்பதுதான் இப்போது தோன்றுகிறது, கொஞ்சம் நீளம். பொருள் கெடாமல் இதைச் சுருக்க முடிந்தால் எழுதுங்கள்.