9.9 அவுட்போர்டு: லோடுல இழுக்க மாட்டேங்குது, கீழ் பிளக் மட்டும் நனைஞ்சு வருது

கொளச்சல்_வள்ளம்:
வணக்கம் அண்ணன்மாரே. அப்பாவோட பைபர் வள்ளத்துல ஓடுற பழைய 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக், பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துற மாடல், ரெண்டு சிலிண்டர், ஒரே கார்ப்ரேட்டர். ஸ்டார்ட்டிங்ல குறையே இல்ல, கயிறு இழுத்ததும் பிடிச்சிரும், ஆனா ஐடில்ல உதறுது, கரையை விட்டு வெளிய போய் ஆக்சிலேட்டரை பாதிக்கு மேல முறுக்கினா சத்தம் கனத்துப் போகுதே தவிர வேகம் ஏறல, வலையும் ஆளும் ஏத்திட்டா சுத்தமா இழுக்கறதில்ல. பிளக் ரெண்டும் புதுசு. கார்ப்ரேட்டரை மெக்கானிக் கழட்டி ஜெட்டெல்லாம் ஊதி மாட்டினார், மாற்றமே இல்ல, இப்போ கார்ப்ரேட்டரையே புதுசா வாங்கச் சொல்றார். அது பெரிய காசு. இந்த என்ஜின நம்பித்தான் வீடு ஓடுது, அதனால வாங்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுட்டு வாங்கலாம்னு. இன்னொன்னு, மேல் பிளக் காப்பி கலர்ல நல்லா இருக்கு, கீழ் பிளக் மட்டும் கருப்பா நனைஞ்சு வருது.

முத்துநகர்_கடலோடி:
தம்பி மொதல்ல சின்னதைப் பாத்துருங்க. டேங்க் மூடில காத்து போற திருகை திறந்து வச்சிருக்கீங்களா? அது மூடியிருந்தா கொஞ்ச தூரம் ஓடி எண்ணெய் (பெட்ரோல், மண்ணெண்ணெய்) வராம மடங்கும். அடுத்து, என்ஜின் மடங்குற நேரத்துல ஒரு ஆளை ஓஸ்ல இருக்குற ரப்பர் பல்பை அமுக்கச் சொல்லுங்க, அமுக்கும்போது வேகம் ஏறினா பம்ப்பு டயாப்ரம் இல்லன்னா ஓஸ் ஜாயின்ட்ல காத்து இழுக்குது. சோக்கை லேசா இழுத்துப் பாருங்க, அதுல தேறுச்சுன்னா எண்ணெய் பத்தலைன்னு அர்த்தம். புரொபெல்லர் ரப்பர் புஷ் நழுவினாலும் வள்ளம் போகாது, ஆனா அதுல என்ஜின் சும்மா அலறும், உங்களுது கனத்துப் போகுதுங்குறீங்க, அதனால அது இல்லன்னு நினைக்கிறேன்.

கொளச்சல்_வள்ளம்:
மூடி திறந்துதான் இருக்கு அண்ணே. இன்னைக்கு பல்பு அமுக்கிப் பாத்தேன், சோக்கும் இழுத்துப் பாத்தேன், ரெண்டுக்கும் ஏறல.

பாம்பன்_ஒர்க்‌ஷாப்:
கார்ப்ரேட்டர் வாங்காதீங்க, தயவு செஞ்சு. நீங்களே பதில சொல்லிட்டீங்க. ஒரே கார்ப்ரேட்டர்தான் ரெண்டு சிலிண்டருக்கும் ஊட்டுது, அதுல அடைப்புன்னா ரெண்டு பிளக்கும் ஒரே மாதிரி காட்டணும். ஒண்ணு காப்பி கலர், ஒண்ணு ஈரம்னா கோளாறு கார்ப்ரேட்டரைத் தாண்டி கீழ் சிலிண்டர்ல இருக்கு. ஒண்ணு கரண்ட் இல்ல, இல்லன்னா அமுக்கம் (கம்ப்ரஷன்) இல்ல, இல்லன்னா ரீட் வால்வு (காத்தையும் எண்ணெயையும் உள்ள விடுற மெல்லிசு தகடு) உடைஞ்சிருக்கு. இந்தக் கடற்கரை முழுக்க நல்ல கார்ப்ரேட்டரை எத்தனை பேர் மாத்தியிருக்காங்கன்னு பாத்தா மனசு வேகுது, மீன்காரன் காசு அது.

என்ன செய்யணும்னா, டிரம்ல தண்ணி ரொப்பி, புரொபெல்லரைக் கழட்டிட்டு, என்ஜினை ஐடில்ல விடுங்க. நிறுத்திட்டு கீழ் பிளக் வயரைக் கழட்டி பிளாக்குல எர்த் ஆகுற மாதிரி வச்சு திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. வயரை சும்மா தொங்க விடாதீங்க, சிடிஐ (பிளக்குக்கு கரண்ட் குடுக்குற பெட்டி) எரிஞ்சு போயிரும். கீழ் வயர் இல்லாமலும் ஐடில் அதே மாதிரி ஓடுச்சுன்னா அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யல. அப்புறம் கம்ப்ரஷன் கேஜ் யார்கிட்டயாவது வாங்கி, ரெண்டு பிளக்கையும் கழட்டி, கில் சுவிட்ச் கிளிப்பை உருவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசா திறந்து வச்சு இழுத்துப் பாருங்க. எண் எவ்வளவுங்கறதை விட ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவுங்கறதுதான் முக்கியம், மண்ணெண்ணெய் மாடல்ல அமுக்கமே கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். பத்து பதினஞ்சு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா உள்ள பாக்கணும்.

கொளச்சல்_வள்ளம்:
அண்ணே நீங்க சொன்ன மாதிரியேதான். கீழ் வயரை எர்த் பண்ணினாலும் சத்தத்துல மாற்றம் இல்ல, மேல் வயரை எர்த் பண்ணினா ஸ்டார்ட்டே ஆகல. கீழ் பிளக்கை வெளிய வச்சுப் பாத்தேன், பொறி நீலமா நல்லா வருது. கேஜ் ஒரு சைக்கிள் கடைக்காரர் தந்தார், மேல 90, கீழ 60. பிஸ்டன் ரிங் போயிருச்சா?

பாம்பன்_ஒர்க்‌ஷாப்:
ரிங்கா இருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டா (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல அடைக்குற தகடு) இருக்கலாம். பிரிக்கிறதுக்கு முன்னாடி பிளக் ஓட்டை வழியா கீழ் சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் விட்டு திரும்ப கேஜ் போடுங்க. அவுட்போர்டுல சிலிண்டர் படுத்துக் கிடக்குறதால ஆயில் அடிப்பக்கமா தேங்கிரும், மெதுவா நாலஞ்சு தரம் சுத்தி விட்டுட்டு அப்புறம் இழுங்க. எண் ஏறுச்சுன்னா ரிங், அப்படியே நின்னா கேஸ்கெட். கீழ் பிளக்குல இருக்குற ஈரத்தை விரல்ல தொட்டுப் பாருங்க, எண்ணெயா தண்ணியா? பின்னாடி தண்ணி பீச்சுற ஓட்டைல வேகம் எப்படி இருக்கு?

கொளச்சல்_வள்ளம்:
62தான் வந்துச்சு. பிளக்கைத் துடைச்சா சின்னச் சின்ன சொட்டா தண்ணி, நாக்குல வச்சா உப்பு கரிக்குது. பீச்சுற தண்ணி முன்னாடி இருந்ததுல பாதிகூட இல்ல, கையில சூடா படுது.

பாம்பன்_ஒர்க்‌ஷாப்:
அப்போ கேஸ்கெட்தான், கடல் தண்ணி உள்ள வருது. ஆனா கேஸ்கெட்டை மட்டும் மாத்திட்டு விட்டுராதீங்க, அது திரும்ப எரியும். என்ஜின் சூடானதாலதான் கேஸ்கெட் போயிருக்கு, சூடானது தண்ணி ஓடாததால. இம்பெல்லரைப் (தண்ணி இறைக்குற ரப்பர் சக்கரம்) பாருங்க, றெக்கை வளைஞ்சு விறைச்சிருந்தா புதுசு போடுங்க. தெர்மோஸ்டாட்டை (சூடானா திறந்து தண்ணி விடுற வால்வு) எடுத்து நூல்ல கட்டி தண்ணில தொங்க விட்டு காய்ச்சுங்க, அதுல அடிச்சிருக்குற டிகிரியை ஒட்டி திறக்கணும், உப்புல இறுகிக் கிடந்தா தூக்கிப் போடுங்க. ஹெட்டுக்கு உள்ள தண்ணி போற வழியில உப்புக் கட்டியிருக்கும், மரக்குச்சியால சுரண்டுங்க, இரும்பு வேண்டாம். கவர் போல்ட்டுங்க உப்பு பிடிச்சு இறுகியிருக்கும், முரட்டுத்தனமா திருப்பினா உள்ள ஒடிஞ்சு நிக்கும், சூடு காட்டி, எண்ணெய் விட்டு, லேசா தட்டி, முன்ன பின்ன அசைச்சு எடுங்க, ஒருநாள் ஆனாலும் பரவால்ல.

ஹெட்டை தடிச்ச கண்ணாடி மேல எமரி பேப்பர் வச்சு எட்டு போடுற மாதிரி தேய்ங்க, முழுக்க ஒரே மினுக்கம் வர்ற வரைக்கும். மாட்டும்போது போல்ட்டை நடுவுல இருந்து வெளிய, ரெண்டு தடவையா, டார்க் ரென்ச்ல உங்க மாடலுக்குப் புத்தகத்துல போட்டிருக்குற அளவுக்கு. கைக்கணக்கு வேண்டாம்.

முத்துநகர்_கடலோடி:
நடுவுல ஒரு வார்த்தை. ஆயில் என்ன ஊத்துறீங்க? பைக்குக்கு போடுற 2டி ஊத்தினா கரி பிடிக்கும், டப்பால TC-W3ன்னு போட்ட மரைன் ஆயில் வாங்குங்க. கரைக்கு வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியே பெட்ரோலுக்கு மாத்தி ஓட்டி வாங்க, கார்ப்ரேட்டர்ல மண்ணெண்ணெய் தேங்காது, மறுநாள் ஸ்டார்ட்டிங்கும் சுகமா இருக்கும். அப்படியே புரொபெல்லர் கழட்டும்போது ஷாப்ட்ல தங்கூசி நரம்பு சுத்தியிருக்கான்னு பாருங்க, அது சீலை அறுத்துட்டா கியர் ஆயில் பால் மாதிரி ஆயிரும்.

கொளச்சல்_வள்ளம்:
ஹெட் கழட்டியாச்சு. கேஸ்கெட் கீழ் சிலிண்டர் ஓரமா கருகி விட்டிருந்துச்சு, தெர்மோஸ்டாட் உப்புல அசையவே இல்ல, நரம்பும் கொஞ்சம் சுத்தியிருந்துச்சு, ஆனா கியர் ஆயில் சுத்தமா இருக்கு. கேஸ்கெட், இம்பெல்லர், தெர்மோஸ்டாட் மூணும் புதுசு போட்டோம், கார்ப்ரேட்டர் விலையில பக்கத்துலகூட வரல. இப்போ மேல 90, கீழ 88. நேத்து அப்பா முழு வலையோட போய்ட்டு வந்தார், பழைய இழுவை வந்துருச்சுன்னு சொன்னார். பாம்பன் அண்ணனுக்கு ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணில எவ்வளவு நேரம் ஓட்டணும்?

பாம்பன்_ஒர்க்‌ஷாப்:
தெர்மோஸ்டாட் திறக்குற சூடு வந்தாத்தான் நல்ல தண்ணி உள்ள முழுக்க ஓடி உப்பைக் கழுவும், அதனால பீச்சுற தண்ணி வெதுவெதுப்பா வந்த பிறகும் அஞ்சு நிமிஷம் விடுங்க. டிரம்ல தண்ணி அளவு இம்பெல்லருக்கு மேல இருக்கணும்.